நர்ஸம்மா எழுதினா நாலு காசு வருமா?

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை இதைப் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறோம். போன மாசம் ஒரு குழுவில் கணக்குப் பார்க்கப் போயிருந்தோம். நோட்டை எல்லாம் மூடி வைத்த பிறகு ஊக்குநர் அக்கா எங்களைத் தனியாகக் கூப்பிட்டாங்க. "எம் மக நர்ஸ் வேலை பார்க்கிறா. சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியாப் போகுது. வீட்டுல இருந்து எழுதினா பணம் வரும்னு சொல்றாக. நெசந்தானா? இல்ல, இதுவும் அந்த சீட்டுக் கம்பெனிக்காரன் கதைதானா?" என்று கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், இதில் நல்லதையும் பார்த்திருக்கிறோம், அடியும் பட்டிருக்கிறோம். அதனால் இன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறோம்.

நம் குழுக்களில் பெண் பிள்ளையை நர்சிங் படிக்க வைக்கக் கடன் வாங்கிய குடும்பங்கள் நிறைய உண்டு. பிள்ளை படித்து முடித்து இராஜபாளையத்திலோ சிவகாசியிலோ மதுரையிலோ ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிடுகிறாள். இரவுப் பணி, பகல் பணி என்று மாறி மாறிப் பார்க்கிறாள். விடுதிக்கும் பஸ்ஸுக்கும் போக மிச்சம் வருவதில் கடன் தவணை கட்ட வேண்டும். அப்போதுதான் "கூடுதலா ஏதாவது வருமானம் கிடைக்காதா?" என்ற எண்ணம் வருகிறது. அது தப்பில்லை. ஆனால் அந்த எண்ணம் வரும் நேரம் பார்த்துத்தான் ஏமாற்றுக்காரனும் வருகிறான்.

முதலில் பட்ட அடி

நமக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியின் கதையைச் சொல்கிறோம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம். ஊரையும் வீட்டு விவரத்தையும் மாற்றியிருக்கிறோம். ஏன் மாற்றினோம் என்பது பின்னால் தெரியும்.

அவள் அம்மா சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறியில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் நர்ஸ். அம்மா நெய்த துணியை மகள் யாரோ ஒருவர் புண்ணில் வைத்துக் கட்டுகிறாள். நம் பகுதியில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய இருக்கு.

அந்தப் பெண்ணின் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்தே எழுதும் வேலை, பக்கத்துக்கு இவ்வளவு, பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் மட்டும். அவளும் கட்டினாள். 10 நாள் தூக்கம் கெட்டுப் பக்கம் பக்கமாக அடித்து அனுப்பினாள். பணம் வரவில்லை. கேட்டதற்கு, "உங்க வேலையில தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிட்டீங்க, நஷ்ட ஈடு கட்டலைன்னா வக்கீல் நோட்டீஸ் வரும்" என்று மிரட்டினார்கள். பயந்துபோய் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த மாசம் தவணை நின்ற பிறகுதான் குழுவுக்கே விஷயம் தெரிந்தது.

நாங்கள் அவளை உட்கார வைத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வேலை கொடுக்கிறவன்தான் நமக்குக் கூலி தரணும். கூலிக்குப் போகிற இடத்தில் நாம் பணம் கட்டுகிறோம் என்றால் அது வேலை இல்லை. களை எடுக்கப் போகிறோம், "முதல்ல 500 ரூபாய் கட்டு, அப்புறம் வயல்ல இறங்கு" என்று எவராவது சொன்னால் கேட்போமா? எழுத்து வேலைக்கும் அதே நியாயம்தான். மிரட்டல் வந்தால் பயப்படாதீங்க. இணையம் வழியாகப் பணம் ஏமாந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

நர்ஸுக்குத் தெரிந்தது என்ன?

அப்போ எழுத்தில் வருமானமே இல்லையா? இருக்கு. ஆனால் அது யாரோ கொடுத்ததை அடித்துக் கொடுப்பதில் இல்லை. அவளுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுவதில்தான் இருக்கு.

ஒரு நாள் அந்தத் தங்கச்சி தன் வார்டில் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோயாளிகள் காலில் புண்ணோடு வருகிறார்கள். "ஏன் முன்னாடியே வரலை?" என்று கேட்டால், "வலிக்கவே இல்லையே தாயி" என்கிறார்கள். "பாதத்தைத் தினமும் பராமரிக்கவும்" என்று சீட்டில் எழுதியிருக்கு. ஆனால் எப்படிப் பராமரிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. "அதையே ஒரு பக்கம் எழுதும்மா, எங்ககிட்டப் பேசுற மாதிரியே எழுது" என்றோம். அவள் எழுதிக் கொண்டுவந்தது இப்படி இருந்தது:

"ராத்திரி பாயை விரிக்கிறதுக்கு முன்னாடி, முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில வைங்க. அதுக்கு மேல பாதத்தைக் காட்டுங்க. குனியாமலே அடிப்பாதம் முழுக்கத் தெரியும். விரல் இடுக்குலயும் பாருங்க. சிவந்திருக்கா, கொப்புளம் இருக்கா, வெடிப்பு இருக்கா? கண்ணு சரியாத் தெரியலைன்னா வீட்டுல இருக்கிற பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்க. வலி இல்லைன்னு விட்டுறாதீங்க. சர்க்கரை ரொம்ப வருஷம் இருந்தா காலுக்கு உணர்ச்சி குறைஞ்சுபோகும். முள்ளு குத்தினாலும் தெரியாது. புண்ணு இருந்தா நாளைக்குப் பார்ப்போம்னு இல்லாம உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

இதைக் குழுக் கூட்டத்தில் வாசித்தோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி அடுத்த கூட்டத்தில், "கண்ணாடியை வச்சுப் பார்த்தேன்டி, குதிகால்ல ஒரு ஆணி இருந்துச்சு" என்றாங்க. சகோதரிகளே, இதுதான் எழுத்து. கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் செய்ய முடிந்தால் அது நல்ல எழுத்து.

இதுபோல ஒவ்வொரு நர்ஸுக்கும் நூறு விஷயம் தெரியும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரித்துத் தம்ளரில் கலக்கிற தாய்மாரை அவள் பார்த்திருப்பாள். 1 லிட்டருக்கான பாக்கெட் என்றால் முழுசையும் ஒரே தடவையில் 1 லிட்டர் தண்ணீரில் கலக்கணும், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்பதும் தெரியும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் எதற்குப் பயப்படுவார், பேறுகாலம் முடிந்த பெண் எதைக் கேட்கக் கூச்சப்படுவாள் என்பதெல்லாம் டாக்டரைவிட நர்ஸுக்குக் கூடுதலாகத் தெரியும். பக்கத்திலேயே நிற்கிறவள் அவள்தானே.

எழுதிக் காட்டியவர்கள்

"இதெல்லாம் பெரிய ஊர்க்காரங்களுக்குத்தான் சரிப்படும்" என்று நினைக்காதீங்க. நம் இராஜபாளையத்திலேயே பொதுநல மருத்துவர் டாக்டர் கு. கணேசன் இருக்கிறார். நாளிதழ்களிலும் புத்தகங்களிலும் உடம்பைப் பற்றியும் நோயைப் பற்றியும் எளிய தமிழில் பல வருஷமாக எழுதி வந்திருக்கிறார். 'இந்து தமிழ்' வாசிக்கிறவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். மருத்துவம் பற்றி எழுதச் சென்னையில்தான் இருக்கணும் என்பதில்லை.

வத்திராயிருப்புப் பக்கம் இருக்கிற புதுப்பட்டியில் பிறந்தவர் எழுத்தாளர் பாமா. ஆசிரியர். 1992-ல் அவர் எழுதிய 'கருக்கு' புத்தகம் அந்த ஊர்ப் பேச்சிலேயே இருக்கு. நாம் பேசுகிற பேச்சை எழுதினால் யார் படிப்பார்கள் என்று அவர் கூச்சப்படவில்லை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2000-ல் கிராஸ்வேர்டு விருது கிடைத்தது. ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றி இருக்கிற நமக்கு, பொம்பளை எழுதுவாளா என்ற கேள்வியே வரக் கூடாது.

நர்ஸே எழுதிப் பிழைத்த கதை உண்டா என்று கேட்டால் அதற்குக் கடல் கடந்து போக வேண்டும். மேரி சீகோல் என்று ஒரு அம்மா. 1805-ல் ஜமைக்கா தீவில் பிறந்தவர். அவர் அம்மா தங்கும் விடுதி நடத்திக்கொண்டே நாட்டு வைத்தியமும் பார்த்தவர். மகள் அம்மாவிடம்தான் வைத்தியம் கற்றார். கிரிமியா யுத்தம் நடந்தபோது காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்ய லண்டனில் போய் வேலை கேட்டார். கறுப்பினப் பெண்ணான அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் சொந்தச் செலவில் கப்பலேறிப் போய், யுத்த களத்துக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடையும் சரக்குக் கடையும் வைத்தார். சிப்பாய்களுக்கு மருந்தும் கட்டினார். 1856-ல் யுத்தம் திடீரென்று முடிந்தது. வாங்கிப் போட்ட சரக்கு விற்கவில்லை. கடனாளியாக லண்டன் திரும்பினார். மறு வருஷம், 1857-ல், தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அது நன்றாக விற்றது. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட சிப்பாய்களும் அவருக்காக நிதி திரட்டினார்கள். 2016-ல் லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனை முன்னால் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

இன்னொருவர் ஜெனிபர் வொர்த். 1950-களில் லண்டனின் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த நர்ஸ். 1998-ல் மருத்துவச்சிகளுக்கான ஒரு பத்திரிகையில், நம் வேலையைப் பற்றி ஏன் யாருமே எழுதவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அதைப் படித்துத்தான் வொர்த் எழுத உட்கார்ந்தார். 2002-ல் அவர் புத்தகம் வந்தது. 2012-லிருந்து அது டி.வி. தொடராகவும் வந்தது. ஒன்றைக் கவனியுங்கள். அவர் வேலை பார்த்த மடத்தின் உண்மையான பெயரை அவர் எழுதவே இல்லை. வேறு பெயர் வைத்துத்தான் எழுதினார். அது ஏன் என்பது எங்களுக்கு ஒரு தப்புச் செய்த பிறகுதான் புரிந்தது.

எங்கள் தவறு

பாதத்தைப் பற்றி எழுதிய பக்கத்துக்கு நல்ல பெயர் வந்ததும் அந்தத் தங்கச்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்ததாக ஒரு பெண்ணைப் பற்றி எழுதினாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நோய் வந்து, பயப்படாமல் முழு மருந்தும் சாப்பிட்டு, சுத்தமாகக் குணமாகிவிட்டாள். மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் எழுதினாள். பெயர் போடவில்லை. நாங்களும் படித்துக் கைதட்டி, இதே செய்தி மடலில் போட்டோம்.

பெயர் போடவில்லை. ஆனால் ஊர் இருந்தது. அப்பா என்ன வேலை என்று இருந்தது. வீட்டில் எத்தனை பிள்ளைகள், இவள் எத்தனையாவது என்று இருந்தது. நம் ஊர்களில் அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்போது அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்றுபோனது.

நாங்களும் தங்கச்சியும் அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. தண்ணி கொடுத்தாங்க. "உங்க பொண்ணா இருந்தா எழுதியிருப்பீகளா?" என்று மட்டும் கேட்டாங்க. எங்களிடம் பதில் இல்லை. இன்றைக்கும் அந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனால் அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

சமூகப்பணி படித்த எங்களுக்கு இது பாடத்திலேயே சொல்லிக் கொடுத்த விஷயம். படித்திருந்தும் தவறினோம். எழுதிய தங்கச்சியைவிட, பார்த்து அச்சில் ஏற்றிய எங்களுக்குத்தான் பொறுப்பு கூடுதல். இதை இங்கே சொல்ல அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்டோம். "நோய் பேரும் ஊரும் சொல்லாம சொல்லுங்க, இன்னொருத்திக்கு இப்படி ஆகக் கூடாது" என்றாள். அதனால்தான் இன்றைக்கு எல்லா விவரத்தையும் மாற்றிச் சொல்கிறோம்.

யோசித்துப் பாருங்க. நம் குழுவுக்கு வங்கி கடன் தருகிறதே, என்ன அடமானம் வைத்தோம்? நகையா, பத்திரமா? நம் நடத்தையைத்தான் வைத்திருக்கிறோம். நர்ஸுக்கும் அதுதான் முதல். வீட்டுக்காரரிடம் சொல்லாததைக்கூட ஒரு பெண் நர்ஸிடம் சொல்வாள். அந்த நம்பிக்கையை எடுத்து 500 ரூபாய்க்குக் கட்டுரையாக விற்றால், வட்டி இல்லை, முதலே போய்விடும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் வந்த சட்டம் இருக்கு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயர், வீடு, பள்ளி, தெரு எதையும் வெளியிடக் கூடாது என்று 2012-ன் போக்சோ சட்டம் சொல்கிறது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை வெளியே விட்டால் சிறைத் தண்டனைவரை உண்டு. இவை தவிர மற்ற நோயாளிகள் என்றாலும், கேட்காமல் எழுதக் கூடாது.

கேட்டு எழுதுவது எப்படி? எழுதியதை அவரிடமே முழுசாக வாசித்துக் காட்டணும். அவர் சரி என்றால் கையெழுத்து வாங்கணும். வேண்டாம் என்றால் கிழித்துப் போடணும். அதைவிடப் பாதுகாப்பான வழி, ஆளைப் பற்றி எழுதாமல் செய்தியைப் பற்றி எழுதுவது. பாதத்தைப் பற்றிய பக்கத்தில் எந்த நோயாளியும் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் உபயோகமாக இருந்தது.

பணம் எங்கிருந்து வரும்?

இனி அந்த ஊக்குநர் அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம்.

மகளிர் இதழ்களும் நாளிதழ்களின் இணைப்புகளும் வாசகர் எழுதும் கட்டுரைகளை வாங்குகின்றன. சிலர் சன்மானம் தருவார்கள், சிலர் பிரதி மட்டும் அனுப்புவார்கள். அனுப்பும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. வானொலி நிலையங்களில் உடல்நலம் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் எழுதித்தான் வாசிக்கணும். அதற்கும் தொகை உண்டு.

இதைவிட நிச்சயமான வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கு. மருத்துவமனைகளுக்கு நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகிற தகவல் தாள் வேண்டும். இன்சுலின் எப்படிப் போடுவது, தையல் பிரிக்கும்வரை என்ன செய்வது போன்றவை பல இடங்களில் ஆங்கிலத்தில்தான் இருக்கு. தொண்டு நிறுவனங்களுக்குப் பயிற்சிக் கையேடு வேண்டும். நர்சிங் படிக்கிற கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடத்தைத் தமிழில் விளக்கும் குறிப்பு வேண்டும். ஆங்கிலம் படித்து, தமிழில் பேச்சு வழக்கும் தெரிந்த நர்ஸுக்கு இது நல்ல வேலை.

அந்தத் தங்கச்சி எழுத ஆரம்பித்த முதல் வருஷக் கணக்கை, நம் குழுக் கணக்கு மாதிரியே வாசிக்கிறோம். இதழ்களில் இரண்டு கட்டுரை, 1,000 ரூபாய். ஒரு மருத்துவமனைக்கு நான்கு தகவல் தாள், 2,000 ரூபாய். ஒரு பயிற்சிக் கையேட்டை மொழிபெயர்த்தது, 3,500 ரூபாய். மொத்த வரவு 6,500. நோட்டு, தட்டச்சு, ஜெராக்ஸ், பஸ் செலவு 640. மிச்சம் 5,860. ஏமாந்த 2,500-ஐக் கழித்தால் 3,360. 12 மாசத்துக்குப் பிரித்தால் மாசம் 280 ரூபாய்.

சிரிக்காதீங்க. 280 ரூபாயில் கடன் தவணை கட்ட முடியாதுதான். குழுச் சேமிப்பைக் கட்டலாம். அடுத்த வருஷம் 2,500 ஏமாறப் போவதில்லை. அந்த மருத்துவமனையே இன்னும் சில தாள் கேட்டிருக்கு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். அதனால் வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பி யாரும் இறங்க வேண்டாம். எழுத்து என்பது வீட்டில் வளர்க்கிற நாலு கோழி மாதிரி. முட்டை வரும். ஆனால் வயலை விற்றுவிட்டு அதை நம்ப முடியாது.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கு. பெயர் கொஞ்சம் தெரிந்ததும் ஒருவர் தேடி வந்து, "இந்தப் பொடியைச் சாப்பிட்டா சர்க்கரை அடியோட போயிரும்னு எழுதுங்க, கட்டுரைக்கு 5,000 தர்றோம்" என்றார். நர்ஸ் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். தங்கச்சி அந்தப் பணத்தை வாங்கவில்லை. ஒரு வருஷ வரவுக்குப் பக்கத்தில் வருகிற தொகை அது. அந்த மாசமும் தவணை கட்டக் கஷ்டப்பட்டாள். அதைப் படித்து ஒரு ஆள் இன்சுலினை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"எம் மக அரசாங்க நர்ஸ். எழுதலாமா?"

அரசு ஊழியர்களுக்கு 1973-ன் நடத்தை விதிகள் இருக்கு. அதனால் மேலதிகாரிக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்து, அனுமதி வாங்கிக்கொண்டு எழுதுவதுதான் பாதுகாப்பு. தனியார் மருத்துவமனையில் இருப்பவர்களும் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை பார்க்கும் மருத்துவமனையின் பெயரைக் கட்டுரையில் போட வேண்டாம்.

"இணையத்துல சொந்தமா ஒரு பக்கம் வச்சு எழுதினா விளம்பரப் பணம் வருமாமே?"

வரும். கூகுள் நிறுவனம் 2018-லிருந்து தமிழ்ப் பக்கங்களுக்கும் விளம்பரம் தருகிறது. ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். நிறையப் பேர் படிக்காவிட்டால் அது சேர ரொம்ப நாளாகும். பழகுவதற்கு எழுதலாம், உடனே பணம் என்று நினைக்கக் கூடாது.

"எழுதிக் கொடுத்த பிறகு நம்ம பேரை எடுத்துட்டா?"

எழுதியவருக்குத்தான் எழுத்து சொந்தம். 1957-ன் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து மூலமாக எழுதிக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். அதனால் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீங்க. கடன் பத்திரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பது மாதிரி இதையும் வாசித்துக் கேளுங்கள்.

"எங்களுக்கு எழுதவே தெரியாதே, எங்களுக்கு இதுல என்ன வேலை?"

உங்களுக்குத்தான் பெரிய வேலை. அவள் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. உங்களுக்குப் புரிந்தால்தான் அது சரி. புரியாத இடத்தில் "நிறுத்து" என்று சொல்லுங்க. இரவுப் பணி முடித்து வருகிற பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், தண்ணி எடுக்கிற வேலையும் பாத்திரம் தேய்க்கிற வேலையும் சொல்லாமல் விடுங்க. அதுவே பெரிய உதவி.

முடிவாக

மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போகிற நம் உறுப்பினர்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும், நர்சிங் படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்க. ஒரு பக்கம், ஒரு விஷயம், கேட்டவர் செய்ய வேண்டிய ஒரு காரியம். மருந்து அளவு எழுதுவதாக இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்க. ஆள் அடையாளம் இருக்கக் கூடாது. இங்கேயே வாசிப்போம், திருத்துவோம். நல்லதை எங்கே அனுப்பலாம் என்று சேர்ந்து யோசிப்போம். இந்தத் தடவை அச்சில் ஏற்றும் முன் நாங்கள் இரண்டு தடவை பார்ப்போம்.



நினைவில் வைக்க

• வேலைக்காக யாரிடமும் முன்பணம் கட்டாதீர்கள்.
• நோயாளியின் பெயர் மட்டுமல்ல, ஊர், தெரு, வேலை, குடும்ப விவரமும் அடையாளம்தான்.
• சம்மதம் வாங்காமல் யாருடைய கதையையும் எழுதாதீர்கள்.
• குணமாகும் என்று எந்தப் பொருளையும் பணத்துக்காகப் புகழாதீர்கள்.
• வரவு, செலவு இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.
• படிக்கத் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரிந்தால் அனுப்புங்கள்.